அறுத்த கட்டில்

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளுக்கு ‘மடிப்பு’ என்று பெயர். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும். பெரிய இஸ்திரி உருளைக்குள் ஈரமாக நுழைந்து, மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை இல்லை அது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பிறகு பின்னால் போக வேண்டும், மறுபடி வர வேண்டும். அவள் மடித்த விரிப்பில் சுருக்கம் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை.

எதிர் முனையில் நிற்பவளுக்குப் பெயர் ஒலிபெருக்கி. உருளையின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் கடையிலும் பேருந்திலும் அதே சத்தத்தில்தான் பேசுவாள். நல்ல மனசு, ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. விரிப்பை மடிக்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரும்போது பாதிக் கதை, திரும்பிப் போய் மறுபடி வரும்போது மீதிக் கதை என்று பல வருஷமாக அவர்களுடைய சிநேகிதம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

மடிப்புக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து வேலையும் அம்மாவும்தான். தம்பி வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்தான். வருவதாகச் சொல்லுவான், சில சமயம் வருவான். அம்மா இறந்த அன்று மடிப்பு அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், டீ போட்டாள், அம்மாவின் மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். சாயங்காலம் வந்து சேர்ந்த தம்பி வாசற்படியிலேயே உட்கார்ந்து கதறியபோது அவனைத் தூக்கி நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்தது. “இவ்வளவு வருஷம் பாத்துக்கிட்டவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாரு,” என்று ஒரு பெரியம்மா அவள் காதில் விழும்படியே சொன்னாள். அவள் அதை யாரோ யாரைப் பற்றியோ சொல்வது போலக் கேட்டுக்கொண்டு, அம்மாவின் விரிப்பை உருவி மடிக்க ஆரம்பித்தாள். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாததால் ஒரு ஓரத்தை மோவாயில் இடுக்கிக்கொண்டு மடித்தாள்.

வீடு தம்பி பெயரில் இருந்தது. அதை விற்கப் போவதாக அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“சரி,” என்றாள்.

“சாமான் எல்லாம் அப்படியேதான் இருக்கும்க்கா. வீடு கைமாறுற வரைக்கும் பூட்டித்தான் வெச்சிருப்பேன். எது வேணும்னாலும் சொல்லு, வண்டி வெச்சு அனுப்பிடறேன்.”

“சரி.”

அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து வந்தது அந்த ஒரே சொல்தான்.

மருத்துவமனைக்குப் பின்புறம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. இரண்டு பை துணி, ஓர் அடுப்பு, ஒரு பாய். காலையில் எழுந்து வேலைக்குப் போனாள், வந்தாள், பாயில் படுத்துக் கூரையைப் பார்த்தாள். துக்கம் என்று சொல்ல முடியாது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னம் தன்னுடையதாக இல்லாமல் போகுமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அது ஒரு விதத்தில் வசதியாகவும் இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் ஒலிபெருக்கி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். வாசலில் நின்று, “ஏ மடிப்பு!” என்று கூப்பிட்டாள். வெறும் சுவர்களில் மோதி அந்தக் குரல் திரும்பி வந்த வேகத்தில் அவளே ஒரு நிமிஷம் பயந்துபோனாள்.

“என்னடி இது, வீடா ரயில் நிலையமா? ரயில் நிலையத்துலகூட உக்கார ஒரு பெஞ்சு போட்டிருப்பான். சாமான் எங்க?”

“பாய் இருக்கே.”

“பாய் இருக்கு. சுருட்டி வெச்சா அதுவும் இல்ல. யாராவது வந்தா எங்க உக்காருவாங்க?”

“யார் வரப் போறா?”

“நான் வந்திருக்கேனே! என்னைப் பாத்தா ஆளாத் தெரியலையா?”

ஒலிபெருக்கிக்கு ஒரு கிறுக்கு இருந்தது. தூக்கிப் போட்ட பொருள்களை வைத்து வீட்டுச் சாமான் செய்கிற வீடியோக்களைக் கைப்பேசியில் ஓயாமல் பார்ப்பாள். பார்ப்பதோடு நிற்காமல் செய்தும் பார்ப்பாள். அவள் வீட்டில் கார் டயர்தான் முக்காலி, உடைந்த ஏணிதான் புத்தக அலமாரி. பெயின்ட் டப்பாவில் செய்த ஆசனம் ஒன்று ஒரு முறை கவிழ்த்துவிட்டதிலிருந்து, அவள் புருஷன் எதிலும் உட்காருவதற்கு முன்னால், “இது உக்காரத்தானே?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். இந்த வெற்று அறைகளைப் பார்த்ததும் அவளுக்குக் கை பரபரத்தது. கடையில் புதிதாக வாங்க மடிப்பிடம் வசதி இல்லை என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். ஒலிபெருக்கிக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. பழக்கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்த மரப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரில் அறைந்ததும் பாத்திரம் வைக்கும் அலமாரி ஆயிற்று. தெருவில் கேபிள் பதிக்க வந்தவர்கள் விட்டுவிட்டுப் போன, கம்பி சுற்றி வரும் பெரிய மர உருளையைப் படிகளில் உருட்டி ஏற்றினார்கள். கிடத்திப் போட்டால் அது வட்ட மேசை. சலவைப் பிரிவில் ஓடி ஓடிச் செத்துப்போன ஒரு துவைக்கும் இயந்திரத்தின் துளை போட்ட டிரம்மை மேற்பார்வையாளர், “எடுத்துட்டுப் போங்க, இடத்தை அடைக்குது,” என்று கொடுத்துவிட்டார். அதற்குள் ஒரு பல்பை இறக்கியதும் அறையின் நாலு சுவரிலும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழுந்தது. “அம்மாடி! சினிமா மாதிரி இருக்குடி,” என்று ஒலிபெருக்கி கை தட்டினாள். மடிப்பு பார்த்தாள். வெளிச்சம், பொட்டு, சுவர். நன்றாக இருந்தது என்று தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

ஜன்னல் திரைக்குக் கிழிந்த படுக்கை விரிப்புகள் கிடைத்தன. தைத்துச் சரிசெய்ய முடியாதவற்றை மருத்துவமனையில் முத்திரை குத்தித் துடைப்புத் துணியாகக் கொடுத்துவிடுவார்கள். நல்ல பாகங்களாக வெட்டி இணைத்து, வாளியில் நீலச் சாயம் கரைத்து முக்கி எடுத்தாள். சாயம் நன்றாகப் பிடித்தது. ஆனால் முத்திரை மட்டும் அசையவில்லை. தொங்கவிட்ட பிறகு பார்த்தால், ஜன்னலின் நட்ட நடுவில் பளிச்சென்று ‘கழிக்கப்பட்டது’ என்றிருந்தது.

ஒலிபெருக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஜன்னலுக்கே உடம்பு சரியில்லாம போயிடுச்சுடி! எந்த வார்டு?”

மடிப்பு திரையைக் கழற்றி, எழுத்து உள்பக்கம் வரும்படி திருப்பி மாட்டினாள். இப்போது தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றுமில்லை; படுத்திருக்கிற அவளுக்கு மட்டும் அது தெரிந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை.

உண்மையைச் சொன்னால், அவளுக்குச் சாமான்கள் மேல் ஆசை வந்துவிடவில்லை. தேய்ப்பதுதான் பிடித்திருந்தது. உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, மரத்தின் ஓட்டத்தோடு முன்னும் பின்னும் இழுக்கும்போது நேரம் போவது தெரியாது. கை தானாகப் போய் வந்துகொண்டிருக்கும், மனசு எங்கும் போகாது. இன்னும் தேய்க்க ஏதாவது கிடைக்குமா என்று அவளே கேட்க ஆரம்பித்ததும் ஒலிபெருக்கி அவளைப் பழைய சாமான் கடைக்கு அழைத்துப் போனாள்.

அது கடை இல்லை, கூரை உயர்ந்த ஒரு பெரிய கிடங்கு. காலி செய்த வீடுகளின் சாமான்கள் மொத்தமாக அங்கே வந்து இறங்கும். ஒரு பக்கம் கதவுகளாகச் சாய்த்திருக்கும், ஒரு பக்கம் மேசைகள் கால் மேலாகக் கிடக்கும். கடைக்காரர் கழுத்தில் துண்டோடு ஒரு பல் மருத்துவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விற்காத சரக்கில் தனக்குப் பிடித்ததில் உட்கார்ந்துகொள்வது அவர் வழக்கம்.

“பாருங்க, பாருங்க. பாக்கறதுக்குக் காசில்ல,” என்றார்.

ஒலிபெருக்கி தொட்டிலுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் புகுந்து காணாமல் போனாள். குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மடிப்பு வேறு பக்கம் நடந்தாள். பீரோ ஒன்றைக் கடந்து போனவள், நின்று, திரும்பி வந்தாள்.

அவர்கள் வீட்டுப் பீரோ. கண்ணாடியின் கீழ் மூலையில் ரசம் போய் இலை மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. அதற்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டு நாற்காலிகள். அதற்குப் பின்னால், கழற்றிச் சுவரோடு சாய்த்து வைக்காமல் முழுதாகப் பூட்டியபடியே, அம்மாவின் கட்டில்.

பக்கச் சட்டத்தில் அம்மாவின் கை உராயாமலிருக்க அவள் சுற்றிய துணிப்பட்டை அப்படியே இருந்தது. தலைமாட்டுத் தூணில், மணி கட்டியிருந்த கயிறு இழுபட்டு இழுபட்டு ஒரு பள்ளம். அம்மாவுக்குக் குரல் எழும்பாத நாட்களில் அந்தக் கயிற்றைத்தான் இழுப்பாள். மடிப்பு விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

கடைக்காரர் எழுந்து வந்தார். “ஒரே வீட்டுச் சாமான்ம்மா எல்லாம். ஒரு தம்பி வந்து, மொத்தமா எடுத்துக்கோங்கன்னு சாவியக் கொடுத்துட்டாரு. பேரம்கூடப் பேசல. நாங்க ஏத்தி முடிக்கிற வரைக்கும் தெருமுனையிலேயே நின்னாரு, வீட்டுப் பக்கமே வரல. மத்ததெல்லாம் போயிடும். இந்தக் கட்டில்தான் கழுத்தறுக்குது. வர்றவங்க எல்லாம் மோந்து பாத்தே சொல்லிடறாங்க, நோயாளி படுத்ததுன்னு.”

“எனக்கு வேணும்,” என்றாள்.

“படுக்கவா?”

“இல்ல. பலகைக்கு.”

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். கட்டில் விலை வேறு, விறகு விலை வேறு. அவர் விறகு விலைதான் வாங்கினார்.

அது யார் கட்டில் என்று ஒலிபெருக்கியிடம் அவள் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்ல எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கைவண்டியில் ஏற்றி, மாடிப்படித் திருப்பங்களில் இடித்துக்கொண்டு இருவருமாக மேலே கொண்டுவந்து சேர்த்தபோது, “நல்ல கெட்டி மரம்டி. எவன் இதைப் போய் வித்தான்?” என்று ஒலிபெருக்கி மூச்சு வாங்கினாள். மடிப்பு தன் பக்கத்து முனையைச் சுவரோரம் இறக்கி வைத்தாள்.

ஒலிபெருக்கியின் வீடியோ ஒன்றில் வழி இருந்தது. கட்டிலின் தலைமாட்டுப் பலகை, சாய்ந்துகொள்ளும் முதுகு. கால்மாட்டுப் பலகையை நடுவில் அறுத்தால் இரண்டு பக்கத்துக் கைப்பிடி. பக்கச் சட்டத்தில் ஒன்றை அளவாக வெட்டி முன்னால் கோத்து, படுக்கைப் பலகைகளை மேலே பரப்பினால் பெஞ்சு. மேற்பார்வையாளரிடமிருந்து ரம்பம் இரவல் வந்தது.

பால்கனியில் கால்மாட்டுப் பலகையைக் கிடத்தி, நடுவில் பென்சில் கோடு போட்டுக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று கொண்டிருந்தார்கள். ரம்பத்தை வைத்து இழுத்தாள். முதல் இழுப்பு வழுக்கியது. இரண்டாவது பிடித்தது. பிறகு அறுபட்டுக்கொண்டே போயிற்று. மரத்தூள் மஞ்சளாக மடியில் விழுந்தது. மருந்து வாசனை வரும் என்று நினைத்தாள்; வந்தது வெறும் மர வாசனைதான்.

துணிப்பட்டையைப் பிரித்தாள். அதற்கடியில் மரம் வெளுத்து, புதிதாக இருந்தது. எல்லாப் பலகையையும் தேய்த்தாள், தூணையும் தேய்த்தாள். கயிற்றுப் பள்ளத்தைப் போக்க வேண்டுமென்றால் நிறையத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்த்துவிட்டு விட்டுவிட்டாள். மெத்தைக்குக் கிழிசல் விரிப்புகளை நாடா நாடாவாகக் கிழித்து அடைத்து, முழங்கால் போன பழைய ஜீன்ஸ்களின் நல்ல பாகங்களை ஒட்டுப்போட்டு உறை தைத்தாள். ஜீன்ஸ் எல்லாம் ஒலிபெருக்கியின் புருஷனுடையவை. அவருக்கு அந்த விஷயம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பெஞ்சு ஜன்னலுக்கடியில் வந்தது. அவள் அதில் உட்காரவில்லை. எதிரே பாயில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள்.

தம்பி வந்தது அதற்குப் பிறகு, ஒரு மத்தியானம். கதவைத் திறந்தால் கையில் பழப்பையோடு நின்றான். இளைத்திருந்தான். காதோரம் சவரம் செய்யாமல் விட்டுப்போன ஒரு கோடு.

“வா,” என்றாள்.

உள்ளே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தான். அலமாரி, வட்ட மேசை, விளக்கு. “எல்லாம் நீயே செஞ்சதாக்கா?”

“ஆமா.”

“நீ ஒரு ஆணி அடிச்சுக்கூட நான் பாத்ததில்லையே!” அவன் சிரிக்கப் பார்த்தான். இருப்பதிலேயே நல்ல இருக்கை பெஞ்சுதான் என்பதால் நேராகப் போய் அதில் உட்கார்ந்தான். முதுகைச் சாய்த்தான். கைப்பிடியைத் தடவினான். “அருமையா இருக்கு. முதுகுக்கு இதமா இருக்குக்கா. மரம் எங்க கிடைச்சுது?”

அவள் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். “பழைய சாமான் கடையில.”

“பழைய மரம்னா பழைய மரம்தான்.”

அத்தோடு விட்டிருக்கலாம். அவனைக் குத்திக் காட்ட வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலத்தான், தம்ளரை அவன் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: “அம்மா கட்டில் அது.”

அவன் தூக்கிப் போட்டாற்போல எழுந்தான். டீ பாதி அவன் சட்டையிலும் பாதி தரையிலும் கொட்டியது. பெஞ்சைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பேயறைந்த மாதிரி நின்றான்.

“அக்கா, நான் உன்கிட்ட சொல்லலாம்னுதான்… நீ கேட்டா என்ன சொல்றதுன்னு…”

“நான் கேக்கலையே.”

“அதான்க்கா. நீ எதையுமே கேக்கல. திட்டக்கூட இல்ல.” தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “என்னால அந்த ரூமுக்குள்ள போக முடியல. ஒரு நாள் கதவத் திறந்தேன். கட்டிலப் பாத்தேன். அப்படியே மூடிட்டேன். அப்புறம் ஆளக் கூப்பிட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன். உன்னக் கேட்டிருக்கணும். உன் சாமான்தான் எல்லாம். தப்புதான்.”

அவள் துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். “உக்காரு,” என்றாள்.

அவன் பெஞ்சைப் பார்த்தான். பிறகு அதன் ஓரத்தில், கூச்சத்தோடு, விருந்தாளி மாதிரி உட்கார்ந்தான். கேட்கத்தான் வந்திருக்கிறான் என்பது அவன் கேட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

“கடைசியில அம்மா என்னக் கேட்டாங்களாக்கா?”

இதுவரை அவளிடம் யாரும் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்டதில்லை. அவள் துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டாள். வட்ட மேசையோரம் தரையில் உட்கார்ந்தாள்.

“உன்னத்தான் கேட்டாங்க. கடைசியில எல்லாம் மறந்துபோச்சு. நான் உள்ள போனா ‘யாரது, சின்னவனா’ம்பாங்க. ‘இல்லம்மா, நான்தான்’னா முகம் தொங்கிப் போயிடும். மறுபடி அஞ்சு நிமிஷத்துல கேப்பாங்க, மறுபடி தொங்கிடும். பாக்க முடியல. ஒரு நாள் ‘ஆமாம்மா’ன்னு சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“‘சின்னவன்தாம்மா, வந்துட்டேன்’னு. அப்புறம் அப்படியே ஆயிடுச்சு. உள்ள போறப்ப உன்ன மாதிரி தொண்டையக் கனைச்சுக்கிட்டுப் போவேன். ‘சாப்பிட்டியாடா’ன்னு கேப்பாங்க. ‘சாப்பிட்டேம்மா’ம்பேன். ‘இளைச்சுட்டியே’ன்னு கையத் தடவுவாங்க. நல்லா சாப்பிட்டாங்க அப்போ. மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டுக்கிட்டாங்க.”

அவன் குனிந்துகொண்டான்.

“ஒரே ஒரு தடவ, ‘பெரியவ எங்கடா’ன்னு கேட்டாங்க.”

“நீ என்னக்கா சொன்ன?”

“‘வேலைக்குப் போயிருக்கா’ன்னு சொன்னேன்.” அவள் மேசை விளிம்பில் விரலை ஓட்டினாள். “‘வரட்டும், பாவம்’னாங்க. அதுக்கப்புறம் கேக்கல.”

வெளியே வெயில் ஜன்னல் திரையில் விழுந்து அறை நீலமாக இருந்தது. அவள் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு போனாள், விரிப்புகளை எண்ணி அடுக்குவது போல. “அன்னைக்கும் நீதான் இருந்த. கையக் கேட்டாங்க, கொடுத்தேன். பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அவங்க பிடிச்சுக்கிட்டிருந்தது உன் கைய. அதனால உன்னக் கேட்டாங்களான்னா கேட்டாங்க. நீ வந்தியான்னா வந்த. அம்மாவுக்குக் குறை ஒண்ணும் இல்ல.”

தம்பி அழுதான். வாசற்படியில் அன்று அழுதது போல ஊரைக் கூட்டுகிற அழுகை இல்லை. பெஞ்சின் கைப்பிடியில் நெற்றியை வைத்து, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் அழலாம் போலிருந்தது என்று சொன்னால் அது பொய். அவன் குலுங்கும்போது பெஞ்சின் இடது மூட்டு லேசாக முனகுவதுதான் அவள் காதில் விழுந்தது. அந்தத் திருகாணியை இன்னும் கொஞ்சம் முடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “இத நான் எடுத்துட்டுப் போகட்டுமாக்கா? எங்கிட்ட அம்மாவோடது ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டேன்.”

“முடியாது.”

யோசிக்காமல் வந்துவிட்டது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

“இது எனக்கு வேணும்,” என்றாள் இன்னொரு தரம், பழகிப் பார்ப்பது போல. “மிச்சப் பலகை பால்கனியில கிடக்கு. ஒரு பக்கச் சட்டமும் இருக்கு. வேணும்னா லீவு நாள்ல வந்து நீயே ஏதாவது செஞ்சு எடுத்துட்டுப் போ.”

“எனக்கு ரம்பம் பிடிக்கத் தெரியாதேக்கா.”

“எனக்கும் தெரியாது.”

வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வருவதாகச் சொல்வது அவனுக்குப் பழக்கம். ஆனால் அடுத்த விடுமுறைக்கு, பொழுது நன்றாக ஏறுவதற்கு முன்பே வந்து நின்றான். ஒலிபெருக்கியும் அன்று இருந்தாள். கட்டில் விஷயமும் அம்மாவின் கடைசி நாட்களும் அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தன. ஒரு விரிப்பை மடிக்கும்போது, முனையோடு முனை சேர்க்க நடந்து வந்த நேரத்தில், மடிப்பு சுருக்கமாகச் சொல்லியிருந்தாள். ஒலிபெருக்கி மறுபடி பின்னால் போகாமல் அங்கேயே நின்றுவிட்டாள். விரிப்பு நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. அன்று முழுக்க அவள் பேசவே இல்லை. சலவைப் பிரிவில் எல்லோரும் அவளுக்குக் காய்ச்சலோ என்று விசாரித்தார்கள்.

இப்போது சேர்த்து வைத்துப் பேசினாள். “தம்பி, ரம்பத்த அப்படிக் குத்தக் கூடாது, அது கத்தி இல்ல. இழுங்க. இழுங்கன்னா ஆள இழுக்கச் சொல்லல, ரம்பத்த இழுங்க. கோடு எங்க போகுது, நீங்க எங்க போறீங்க?”

“கோடு கோணலா இருக்குங்க.”

“கோடு நான் போட்டது!”

மடிப்பு பலகையின் மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பியின் நெற்றியிலிருந்து வேர்வை பலகையில் சொட்டியது. உட்கார ஏதாவது செய்யலாம் என்று அவன் அறுத்த கால்கள் நாலும் நாலு உயரத்தில் வந்தன. அவள் திருத்தவில்லை. அவளே அறுத்துக் கொடுத்திருந்தால் நேராக வந்திருக்கும். ஆனால் அவனுக்காக எதையாவது செய்து கொடுக்க அவள் கை எழவில்லை. அது கோபமா என்று தனக்குள் பார்த்தாள். தெரியவில்லை. அவள் டீ போட உள்ளே போனபோது, பால்கனியில் தம்பி தொண்டையைக் கனைத்தான். அவள் கை சர்க்கரை டப்பாவின் மேல் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு டப்பாவைத் திறந்தாள்.

சாயங்காலம் ஒரு முக்காலி மாதிரி ஒன்று உருவாகியிருந்தது. கால் நாலு என்பதால் முக்காலி என்றும் சொல்ல முடியாது. தம்பி அதை மடியில் வைத்துத் தேய்த்தான். கை வலிக்கிறது என்றான், நிறுத்தவில்லை. போகும்போது அதைப் பேருந்தில் எப்படி ஏற்றுவது என்று ஒலிபெருக்கி கவலைப்பட்டாள். “நடத்துனர் கேட்டா நான் நிக்கறேன், இது உக்காந்து வரும்னு சொல்லுங்க,” என்றாள். அவன் அதைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, படிகளில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிப் போனான்.

இருவரும் பால்கனியைப் பெருக்கினார்கள். ராத்திரி ஒலிபெருக்கி போன பிறகு மடிப்பு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு ஜன்னலடிக்கு வந்து, திருகாணியை முடுக்கிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தாள். செய்து முடித்ததிலிருந்து அன்றுதான் முதல் முறை. மெத்தை ஒரு பக்கம் மேடாக இருந்தது. சாய்ந்தாள். உள்ளே ஏதாவது உடையுமா, அசையுமா என்று கவனித்தாள். முதுகு வலித்தது. நாள் முழுக்கக் குனிந்திருந்த வலி. வலிக்கிறது என்று தெரிந்தது. அதுவே போதும் போலிருந்தது. கண்ணை மூடினாள்.

போன் அடித்தது. தம்பி.

“வீட்டுக்கு வந்துட்டேன்க்கா. கூடத்துல போட்டிருக்கேன். ஆனா ஆடுது.”

“எந்தக் கால்?”

“அதான் தெரியல. ஒண்ண வெச்சா இன்னொண்ணு தூக்குது. கொஞ்சம் அறுத்துவிடட்டுமா?”

“அறுக்காத. அறுக்க ஆரம்பிச்சா நாலு காலும் போய் வெறும் பலகைதான் மிஞ்சும்.”

அவன் அந்தப் பக்கம் லேசாகச் சிரித்தான். “அடுத்த லீவுக்குக் கொண்டு வரட்டுமா? பாத்துச் சொல்றியா?”

“கொண்டு வா,” என்றாள்.

போனை வைத்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து உள்ளே போனாள்.